மறு: பழைய ரிவால்வர் முத்திரைகள் – ‘சான்று முத்திரை’ பொருந்துமா?

வணக்கம்.

> ‘புரூஃப் மார்க்’ என்பதற்குச் ‘சான்று முத்திரை’ என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றையும் ‘இராணுவ முத்திரை’ என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடலாம். மறுப்பு உண்டா?

உண்டு ஐயா. இரண்டு சொற்களையும் மறுக்கிறேன். நம் கட்டுரை பேசும் இந்தப் பழைய பிரிட்டிஷ் ரிவால்வர்களில் ஒவ்வொரு குறியும் வெவ்வேறு கை, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணத்துக்காக அடித்தது. பெயர்கள் அதைப் பிரித்துக் காட்டவில்லை என்றால் சேகரிப்பாளருக்குப் பயனில்லை.

முதலில் ‘புரூஃப்’. இந்த இடத்தில் அதற்குச் சோதனை என்றுதான் பொருள். லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்காமில் இதற்கென்றே ஒரு சோதனைச்சாலை 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் ஏற்பட்டது. வழக்கமான தோட்டாவைவிடக் கூடுதல் அழுத்தம் தரும்படி மருந்து நிரப்பிச் சுடுவார்கள். பிறகு குழலும் தோட்டாக்களைத் தாங்கும் உருளையும் விரிந்திருக்கிறதா, கீறல் விட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். தாங்கியிருந்தால்தான் முத்திரை. பர்மிங்காமின் பழைய முத்திரையில் கிரீடத்தின் கீழ் குறுக்காக இரண்டு செங்கோல்கள் இருக்கும்; கூடவே வரும் ‘வி’ எழுத்து அப்படிப் பார்த்தாயிற்று என்பதைக் குறிப்பது.

நம் ஊர்க் கடைகளில் எடைக்கல்லைச் சரிபார்த்து முத்திரையிட ‘முத்திரை ஆய்வாளர்’ வருகிறார் அல்லவா, அதே வேலைதான். சோதித்த பிறகு இடுவது. ஆகவே ‘சோதனை முத்திரை’ போதும். ‘சான்று’ என்றால் படிப்பவர் யாரோ எழுதிக் கொடுத்த உறுதிமொழி என்று நினைப்பார்.

> அரசு வாங்கிய துப்பாக்கி எல்லாவற்றிலும் இந்த முத்திரை இருக்கும்தானே?

இருக்காது. இங்கேதான் ‘இராணுவ முத்திரை’ என்ற சொல் சறுக்குகிறது. படைக்கு வாங்கிய துப்பாக்கிகளை அரசின் ஆட்களே சோதித்து ஏற்றார்கள். பர்மிங்காம் சோதனைச்சாலை முத்திரை அவற்றுக்குத் தேவைப்படவில்லை. அதிகாரிகளோ தங்கள் ரிவால்வரைச் சொந்தக் காசில் வாங்கினார்கள். முதல் உலகப் போர்க் காலத்திலும், படையின் .455 தோட்டாவை ஏற்கும் எந்த ரிவால்வரையும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கியது என்பதால் அதில் பர்மிங்காம் முத்திரை இருக்கும். அரசின் உடைமை என்று காட்டும் அம்புக்குறி இருக்காது. பிரான்சின் பதுங்குகுழிகளில் போர் முழுவதும் கிடந்த ஒரு வெப்லி நிறுவன ரிவால்வரில் ‘இராணுவ முத்திரை’ ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அம்பு இல்லையே என்று அதை ஒதுக்குகிறவர் அருமையான ஒரு துப்பாக்கியை இழப்பார்.

எனவே மூன்றாகப் பிரிக்கிறேன். தாங்குகிறதா என்று பார்த்தது சோதனை முத்திரை. தொழிற்சாலையில் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்து ஆய்வாளர் அடிப்பது, அதாவது சின்னக் கிரீடம், தொழிற்சாலை எழுத்து, அவருக்குரிய எண் ஆகியவை சேர்ந்தது, ஏற்பு முத்திரை. என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில் ஏற்றது என்றால் அங்கே ‘இ’ எழுத்து நிற்கும். மூன்றாவது, இது அரசின் உடைமை என்று சொல்லும் அம்பு.

> அம்புக்கு: அகல அம்பு / காக்கைக்கால் / அம்புக்குறி

‘அம்புக்குறி’ சாலையோரப் பலகையிலும் கணினித் திரையிலும் இருப்பது, தனித்து நிற்காது. ‘காக்கைக்கால்’ பார்த்தவுடன் உருவத்தைச் சொல்லிவிடுகிறது, எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த மூன்று கோடுகளுக்கு முக்கியமே உடைமைதான். கைதிகளின் உடையிலும், நில அளவைக் கற்களிலும், கப்பற்படைச் சாமான்களிலும் இதே குறியைத்தான் போட்டார்கள். அதனால் ‘அரசம்பு’ என்கிறேன். இதிலிருந்து கிளைச்சொற்கள் தாமாக வரும். சி எழுத்துக்குள் அம்பு நின்றால் கனடா அரசம்பு. இரண்டு டி எழுத்துகளுக்கு நடுவே என்றால் ஆஸ்திரேலிய அரசம்பு. என், இசட் நடுவே என்றால் நியூசிலாந்து. கீழே ஐ எழுத்து இருந்தால் இந்திய அரசம்பு.

‘அரசமரம்’ நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். கட்டுரையில் முதல்முறை ‘அரசு அம்பு’ என்று பிரித்து எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

> எல்லாவற்றுக்கும் ‘பொறி’ என்ற பழஞ்சொல் இருக்கிறதே. புலிப்பொறி, விற்பொறி...

ஆசைதான். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் சரக்குகளில் ‘புலி பொறித்துப் புறம்போக்கி’ அனுப்புகிறார்கள். அரசு முத்திரைக்கு இதைவிடப் பழைய தமிழ்ச் சான்று நமக்கு வேண்டாம். ஆனால் இன்று ‘பொறி’ என்றால் எந்திரம் என்றாகிவிட்டது. துப்பாக்கி பற்றிய கட்டுரையில் ‘சோதனைப் பொறி’ என்று எழுதினால் சோதிக்கும் கருவி என்றே படிப்பார்கள். பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினையை வைத்துக்கொள்வோம். அச்சை வைத்துச் சுத்தியலால் அடிப்பது ‘பொறித்தல்’. உளியால் கீறி எழுதுவது ‘செதுக்குதல்’. எண்ணும் முத்திரையும் பொறித்தவை. அதிகாரியின் பெயரோ படைப்பிரிவோ அழகாகச் செதுக்கப்பட்டிருக்கும். பின்னாளில் யாராவது திருத்தியிருந்தால் இந்த வேறுபாட்டில்தான் பிடிபடும்.

> சீரியல் நம்பர் = வரிசை எண்

‘வ.எண்’ என்று அட்டவணையின் முதல் பத்தியில் போடுகிறோமே, அதனோடு கலந்துவிடும். ‘தொடரெண்’ என்போம். வெப்லியில் அது சட்டகத்தில், அதாவது துப்பாக்கியின் உடலில் மட்டுமல்ல, குழலிலும் உருளையிலும் இருக்கும். மூன்றும் ஒன்றானால் ‘எண் ஒத்த’ ரிவால்வர். உருளை வேறு எண்ணோடு வந்தால் ‘எண் ஒவ்வாதது’. படைப்பிரிவு தன் கணக்குக்காகக் கைப்பிடிப் பட்டையில் பொறித்த சிறு எண்ணைத் ‘தொடரெண்’ என்று எழுதிவிடக் கூடாது. அது ‘பிரிவு எண்’.

இந்தச் சொற்கள் நிற்குமா என்று பார்க்க என்ஃபீல்டு 2ஆம் எண் ரிவால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். படை இதை ஏற்றது 1932இல். 1938இல் சுத்தியலின் கொம்பை, அதாவது கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கும் நீட்டலை, நீக்கிய வடிவம் வந்தது. டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது கொம்பு எங்காவது மாட்டிக்கொள்கிறது என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். பழுதுபார்க்கத் திரும்பி வந்த முந்தைய துப்பாக்கிகள் பலவற்றையும் அதே வடிவுக்கு மாற்றி, பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் பொறித்தார்கள். ஆக ஒரே சட்டகத்தில் ஏற்பு முத்திரை, அரசம்பு, 1930களின் ஓர் ஆண்டு, பிறகு வந்த நட்சத்திரம். போர் முடிந்து அரசு அதைத் தனியாருக்கு விற்றபோது முனையோடு முனை தொடும் இரண்டு அம்புகள். தனியார் கைக்குப் போவதற்குச் சோதனை முத்திரை கட்டாயம் என்பதால் அப்போதுதான் முதன்முறையாகச் சோதனைச்சாலைக்குப் போகிறது. அங்கே குழலில் பொறித்தது: .38, .767 அங்குலம், 3½ டன். அதாவது குழல் அளவு, தோட்டாக் கூட்டின் நீளம், சதுர அங்குலத்துக்கு அது தாங்கும் அழுத்தம். இந்த 767ஐத் தொடரெண் என்று எடுத்துக்கொண்டு தேடுபவர்கள் இருக்கிறார்கள். வரைவில் உள்ள ‘சான்று முத்திரை’, ‘இராணுவ முத்திரை’ இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்தத் துப்பாக்கியின் கதையைச் சொல்ல முடியாது. மேலே பிரித்த சொற்களால் முடிகிறது.

முனை தொடும் இரட்டை அம்புக்கு மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. ‘விற்பனை முத்திரை’ என்றால் கடைக்காரர் அடித்தது போலிருக்கிறது. அரசு தன் உரிமையை விட்டுக்கொடுத்தது என்பது தெரிய வேண்டும். ‘விடுப்பு முத்திரை’ என்று இப்போதைக்கு எழுதுகிறேன். விடுமுறை நினைவு வந்து குறுக்கிடுகிறது என்றால் ‘கைவிடு முத்திரை’. எது தேவலை என்று வெள்ளிக்குள் எழுதுங்கள், வரைவைத் திருத்தி அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்