நானோ ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன்: வெள்ளைப் படலமும் நெருடலும் ஏன்?

கேள்வி:
வணக்கம். 100 கிராம் கிரீமுக்கு நானோ ஜிங்க் ஆக்சைடு பொடி 15 கிராம், ஸ்டியரிக் அமிலம் 3, கார்போமர் (ஜெல்லாகக் கெட்டியாக்கும் பொருள்) 0.3. பொடியைக் கடைசியில் தூவிக் கையால் கலக்குகிறேன். தடவினால் முகம் வெளுத்துப்போகிறது, விரலில் நெருடுகிறது, ஒரு வாரத்தில் தண்ணீர் பிரிகிறது. நானோ என்றால் வெள்ளை தெரியாது என்கிறார்களே? துகள் தோலுக்குள் இறங்கிவிடுமா?

பதில் 1:
ஒற்றைத் துகள் 30–40 நானோமீட்டர் இருக்கலாம், ஆனால் பொடியில் அவை ஒன்றோடொன்று ஒட்டி மைக்ரான் அளவுக்குக் கட்டி தட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அதிகம் சிதறடிப்பது சுமார் 200–300 நானோமீட்டர் அளவுள்ளவை; வெள்ளைப் படலம் அந்த அளவிலும் அதற்கு மேலும் உள்ள கட்டிகளால் வருவது. கையால் என்ன கலக்கினாலும் அவை உடையாது. முதலில் பொடியை எண்ணெயில் அரைத்துக்கொள்ள வேண்டும்: பொடி 15 கிராம், சி12-15 ஆல்கைல் பென்சோயேட் (எண்ணெய்) 12, பாலிஹைட்ராக்ஸி ஸ்டியரிக் அமிலம் (துகள்கள் மறுபடி ஒட்டாமல் வைப்பது) 1. மூன்று உருளை மில் (உருளைகளுக்கு இடையே நசுக்கி அரைக்கும் இயந்திரம்) சரியாக இருக்கும். அதிகமாக அரைத்தால் துகளின் மேல்பூச்சு (அதன் மேல் பூசியிருக்கும் சிலேன், சிலிக்கோன் போன்றவை) உரிந்துவிடும். மில் இல்லையென்றால் அரைத்தே வரும் விழுதை வாங்குங்கள். 60 சதவீத விழுது 25 கிராம் போட்டால் 15 கிராம் ஜிங்க் ஆக்சைடு கிடைத்துவிடும்.

பதில் 2:
தண்ணீர் பிரிவதற்கு முதல் சந்தேகம் கார்போமர்தான். ஜிங்க் அயனி அதன் சங்கிலிகளைப் பிணைத்து ஜெல்லைக் குலைத்துவிடும். ஸ்டியரிக் அமிலமோ ஜிங்க் ஸ்டியரேட்டாக மாறித் திரிதிரியாக நிற்கும். இரண்டையும் விட்டுவிட்டு, எண்ணெய்க்குள் தண்ணீர் வகை எமல்ஷனுக்கு (எண்ணெயில் தண்ணீர்த் துளிகள் சிதறி நிற்கும் கலவை) மாறுங்கள். மேலே சொன்ன விழுதோடு பாலிகிளிசரில்-3 டைரிசினோலியேட் (எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடிப்பது) 4, வேறு எண்ணெய் 10. தண்ணீர்ப் பக்கம் கிளிசரின் 4, மெக்னீசியம் சல்பேட் 0.7, பதப்படுத்தி, மீதி தண்ணீர். தண்ணீரை மெல்லிய தாரையாக எண்ணெயில் விட்டுக்கொண்டே கலக்குங்கள். அவசரப்பட்டால் எமல்ஷன் தலைகீழாகி, தண்ணீருக்குள் எண்ணெய் என்றாகிவிடும். சிட்ரிக் அமிலம் பக்கமே போகாதீர்கள், அமிலத்தில் ஜிங்க் ஆக்சைடு கரையும்.

பதில் 3:
நல்ல தோலில் துகள்கள் மேலடுக்கின் செத்த செல்களோடு நின்றுவிடுகின்றன. ஆஸ்திரேலியாவில் ஜிங்க்-68 ஐசோடோப்பு (உடலில் தனியாக அடையாளம் காணக்கூடிய ஜிங்க் வகை) வைத்து நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில் ரத்தத்தில் மிகச் சிறிய அளவு ஜிங்க் தென்பட்டது. அது துகளா, கரைந்த அயனியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நிஜமான ஆபத்து மூச்சில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 25 சதவீதம் வரை அனுமதித்தாலும், நுரையீரலுக்குப் போகக்கூடிய ஸ்பிரேயில் தடை. லேபிளில் பெயருக்குப் பக்கத்தில் ‘நானோ’ என்று போட்டே ஆக வேண்டும். உலர்ந்த பொடியை எடை போடும்போது என்95 முகக்கவசம் போடுங்கள், மின்விசிறியை அணையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. என்னிடம் இருக்கும் பொடியில் மேல்பூச்சு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில் 2:
டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவுங்கள். சிலேன், சிலிக்கோன் பூச்சுள்ளது மேலே மிதக்கும். பூச்சில்லாதது நனைந்து இறங்கும். எண்ணெயில் அரைக்க மிதப்பதுதான் வேண்டும். இன்னொன்று: 15 சதவீதம் போட்டதால் எஸ்.பி.எஃப். (வெயில் பாதுகாப்பு எண்) இத்தனை என்று கணக்குப் போட்டு எழுதவே கூடாது. அரைப்பும் படலமும் மாறினால் எண்ணும் மாறும். அந்த எண்ணை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 24444 முறையில், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவி ஆய்வகம் தரும் எண்ணை மட்டும் போடுங்கள்.