பூசான் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: சாப்பாடும் ஊர் சுற்றலும்

வைகைக்கரை:

போன அக்டோபரில் நானும் கணவரும் அத்தையும் தென் கொரியா போய் வந்தோம். பொதுவாக எல்லாரும் சியோலுக்கு ஐந்து நாள், பூசானுக்கு ஒரு நாள் என்று பிரிக்கிறார்கள். அந்த ஒரு நாளும் விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் திரும்புவதாக இருக்கும். நாங்கள் பூசானுக்கே நான்கு நாள் ஒதுக்கினோம். போகப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வதும் அதுதான்.

கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் சியோலிலிருந்து இரண்டரை மணி நேரம்தான், உண்மை. ஆனால் பூசான் முப்பது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஊர். மலையும் கடலும் மாறி மாறி வருவதால் ஊரே நீள நீளமாகக் கிடக்கிறது. மேற்கே பழைய துறைமுகமும் சந்தைகளும். கிழக்கே ஹேஉண்டே, குவாங்கல்லி கடற்கரைகள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக மெட்ரோவில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைத்தால் சுரங்கப்பாதையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். மேற்கே இரண்டு நாள், கிழக்கே ஒரு நாள், மீதி ஒரு நாள் கால் போன போக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு வயது 68. மீன் சாப்பிடுவார், மாடு, பன்றி தொடமாட்டார். அதனால் முதல் நாளே ஜகல்ச்சி மீன் சந்தைக்குக் கூட்டிப்போனோம். 'ஓயிசோ, போயிசோ, சாயிசோ' என்பது அந்தச் சந்தையின் அழைப்பு. வாங்க, பாருங்க, வாங்கிட்டுப் போங்க என்று பூசான் வட்டாரப் பேச்சில் அர்த்தம். கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டிகள். விற்பவர்களில் பெரும்பாலும் பெண்கள். ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை சிவப்புக் கையுறை, மார்பை மறைக்கும் ரப்பர் ஏப்ரன். ஒரு அம்மா எங்களைப் பார்த்து 'இரி வாயோ, இரி வாயோ' என்று கையை அசைத்தார். அத்தை சட்டென்று நின்றுவிட்டார். "வா என்கிறாளே, தமிழாடி?" என்று என்னைக் கேட்டார். கொரிய மொழியில் 'வா' என்றால் வா என்றே பொருள். அம்மாவுக்கு ஒம்மா, அப்பாவுக்கு அப்பா. இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தை அந்தக் கடைக்குள்ளேயே போய்விட்டார்.

அந்த அம்மா கைவலையால் ஒரு தட்டை மீனை அள்ளி, வயிற்றுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அத்தை செவுளைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்டினார். அது உயிரோடு இருந்த மீன், பார்க்கவே தேவையில்லை. ஆனாலும் அந்த அம்மா சிரிக்காமல், முகம் சுளிக்காமல், செவுளை விரித்துக் காட்டினார். மீன் வாங்கத் தெரிந்த இரண்டு பேர் சந்தித்துக்கொண்டது போல இருந்தது.

வாங்கிய மீனை மாடியில் சமைத்துத் தருவார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மீன் விலை தனி, மாடியில் உட்காருவதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனி, குழம்பு வைத்துக் கொடுக்கவும் தனி. இது அங்கே வழக்கம். எங்களுக்குத் தெரியாததால் பில் வந்தபோது கொஞ்சம் திகைத்தோம். மாடி ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். சதையை மெல்லிசாகச் சீவிப் பச்சையாகத் தருவது 'ஹ்வே'. சிவப்பு மிளகாய்ச் சாந்தில் வினிகர் கலந்த 'சோஜாங்' தொட்டு நானும் கணவரும் சாப்பிட்டோம். மிச்சமான தலையும் முள்ளும் 'மேஉன்தாங்' ஆகி அடுப்போடு மேஜைக்கு வந்தது. முள்ளங்கி, மிளகாய்த் தூள், பூண்டு, மேலே ஒரு கீரை. புளி மட்டும்தான் இல்லை. அத்தை தலையைத் தன் தட்டுக்கு இழுத்துக்கொண்டு, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தார். அங்கே ஸ்பூனால்தான் சாப்பிடுவார்கள். பரிமாறிய பெண் ஒரு நிமிடம் பார்த்தார், அப்புறம் உள்ளே போய் ஈரத்துணி கொண்டுவந்து அத்தை பக்கத்தில் வைத்தார்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். என் தங்கை ஏப்ரலில் போகிறாள், அவளுக்கும் உதவும்.

தனிவழி:

நான் வேலை விஷயமாகப் போய், சனி ஞாயிறு தனியாகச் சுற்றினேன். தனியாகப் போகிறவர்களுக்குச் சாப்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. மேஜையிலேயே இறைச்சி சுடும் கடைகளில் பெரும்பாலும் குறைந்தது இரண்டு பேருக்கான அளவு வாங்க வேண்டும். ஒரு கடையில் ஒற்றை விரலைக் காட்டியதும் மறுத்துவிட்டார்கள். மழை வேறு. பக்கத்துச் சந்தில் நீராவி பறந்த ஒரு குக்பாப் (சூப்பில் சோறு) கடைக்குள் நுழைந்தேன். அங்கே எல்லாருமே தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பன்றி சாப்பிடுபவர் என்றால் 'தேஜி குக்பாப்' தவறவிடாதீர்கள். எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்க வைத்த வெள்ளைச் சாறு, உள்ளே சோறு, மெல்லிய இறைச்சித் துண்டுகள். சட்டியில் கொதித்துக்கொண்டே வரும். முதல் வாயில் சப்பென்று இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். உப்பை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். உப்புக்குப் பதில் சின்னக் கிண்ணத்தில் ஊறவைத்த கூனி இறால் இருக்கும். அதில் அரை ஸ்பூன், மிளகாய்ச் சாந்து கொஞ்சம், மிளகாய்த் தூளில் பிரட்டிய பூண்டுத்தழை ஒரு கைப்பிடி. கலக்கினால் சாறு இளஞ்சிவப்பாகும். அப்போது குடித்துப் பாருங்கள். பத்தாயிரம் வானுக்கு முன்பின், நம் பணத்தில் அறுநூற்றுச் சொச்சம்.

கொரியப் போரில் வடக்கிலிருந்து ஓடிவந்த அகதிகள் கையில் கிடைத்த பன்றி எலும்பை வைத்துப் பழகிய சாப்பாடு இது என்று அங்கே சொல்கிறார்கள். மறுநாள் சாப்பிட்ட 'மில்மியான்' நூடுல்ஸுக்கும் அதே கதை. வடக்கே கோதுமை இல்லாமல் செய்யும் குளிர்ந்த நூடுல்ஸ். பூசானில் அதற்கான மாவு கிடைக்கவில்லை, அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவு கிடைத்தது. அதில் பிசைந்தார்கள். ஐஸ் மிதக்கும் சாற்றில் அந்த நூடுல்ஸைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சாப்பிட்டபோது, ஊரை விட்டு வந்தவர்கள் நாக்கை மட்டும் விடவில்லையே என்று மனசு கனத்தது.

இன்னொன்று. கடையில் வேலை செய்யும் வயதான பெண்களை 'இமோ' என்று கூப்பிடுவார்கள். அம்மாவின் சகோதரி என்று அர்த்தம், நம் சித்தி, பெரியம்மா. நானும் தயங்கித் தயங்கி "இமோ" என்றேன். கிம்ச்சி, அதாவது காரம் போட்டு ஊறவைத்த முட்டைக்கோஸ், இன்னொரு தட்டு வந்தது. பக்க உணவுகளுக்குக் காசு கிடையாது, கேட்டால் மறுபடி தருவார்கள்.

பச்சைமிளகாய்:

நாங்கள் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவோம். பூசானில் நான்கு நாள் தாக்குப்பிடிக்க முடியுமா?

துளசிச்செடி:

முடியும், ஆனால் முன்னேற்பாடு வேண்டும். நாங்கள் குடும்பத்தோடு சைவம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கிம்ச்சியே பெரும்பாலும் சைவமில்லை. ஊறவைக்கும்போது இறாலோ மீன் சாறோ சேர்ப்பார்கள். சூப் பலவற்றுக்கும் நெத்திலிச் சாறுதான் அடிப்படை.

'கோகி பேகோ ஜுசேயோ' என்றால் இறைச்சி இல்லாமல் கொடுங்கள். இதை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். கோகி என்றதும் அவர்கள் மாடு, பன்றியைத்தான் நினைக்கிறார்கள். என் மகனுக்கு வாங்கிய கிம்பாப்பில் (கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு) இறைச்சியை எடுத்துவிட்டு, மீன் மாவில் செய்த ஓமுக்கை அப்படியே வைத்துச் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கணக்கில் அது சரிதான். அதனால் ஹாம், ஓமுக், மீன், இறால் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி 'பேகோ' சேருங்கள். கொரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக் காட்டுவது இன்னும் நல்லது.

நம்போ பக்கம் தெருவில் 'சியாத் ஹோத்தோக்' கிடைக்கும். எண்ணெயில் பொரித்த மாவு அடையைக் கத்தரித்துப் பை மாதிரி திறந்து, உருகிய சர்க்கரைக்கு மேல் சூரியகாந்தி, பூசணி விதைகளை அள்ளிப் போட்டு, காகிதக் கப்பில் செருகித் தருவார்கள். உடனே கடித்தால் நாக்கு வெந்துவிடும்.

ஆனால் எங்களுக்கு வயிறும் மனசும் நிறைந்தது பொமோசா பௌத்தக் கோயிலில். கி.பி. 678-இல் தொடங்கிய மடம். முதலாம் மெட்ரோ தடத்தில் பொமோசா நிலையத்தில் இறங்கி 90-ஆம் எண் பஸ் பிடித்தால் மலைமேல் விடும். முன்பதிவு செய்து ஓர் இரவு தங்கினோம். கோயில் சமையலில் மீன், இறைச்சி மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. என் மாமியார் நான்கு நாளில் முதல் தடவையாக எதையும் கேட்காமல் சாப்பிட்டார்.

பழையவாத்தியார்:

கம்ச்சன் கிராமத்துப் படங்களை எல்லாரும் போடுகிறார்கள். மலைச்சரிவில் அடுக்கடுக்காக நீலம், மஞ்சள், ரோஸ் வீடுகள். அழகுதான். 1950-களில் அகதிகளும், ஒரு சமயக் குழுவைச் சேர்ந்த ஏழைகளும் கட்டிய குடிசைப் பகுதி அது. 2009-க்குப் பிறகுதான் ஓவியமும் சிற்பமும் வந்தன. இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

அங்கே போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் அமிதோங்குக்கும் நடந்து வாருங்கள். ஜப்பானியர் ஆட்சியில் அது அவர்களுடைய இடுகாடு. கொரியப் போர்க்காலத்தில் பூசான்தான் தற்காலிகத் தலைநகரம், இடம் இல்லாமல் மக்கள் குவிந்தார்கள். வந்தவர்கள் கல்லறைகளின் மேலேயே வீடு கட்டினார்கள். கல்லறைக் கற்கள் அஸ்திவாரமாகவும் படிக்கட்டாகவும் ஆயின. ஒரு வீட்டின் சுவர் அடியில் எழுத்து செதுக்கிய கல் துருத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே துவைத்துக் காயவைத்த குழந்தைச் செருப்பு. அந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றேன்.

அடுத்த நாள் ஐநா நினைவு இடுகாட்டுக்குப் போனேன், இரண்டாம் தடத்தில் தேயோன் நிலையத்திலிருந்து நடை. ஐநா படை வீரர்கள் சுமார் 2,300 பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். புல்வெளி நடுவே ஒரு சிறிய நீர்க்கால்வாய் ஓடுகிறது. அங்கே அடக்கமானவர்களில் மிக இளையவரான, 17 வயது ஆஸ்திரேலிய வீரர் டான்ட் என்பவரின் பெயர் அதற்கு.

நம்மவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தியா அந்தப் போருக்குச் சண்டையிடும் படை அனுப்பவில்லை, மருத்துவர்களை அனுப்பியது. 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் படை 1950 நவம்பரில் வந்து இறங்கியது இதே பூசான் துறைமுகத்தில்தான். தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். ஏ என்பது ஆற்காடு. மகாவீர் சக்ரா விருது பெற்றவர். நம் பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியும் என்று நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

பினாங்கு பையன்:

சனிக்கிழமை ராத்திரியை குவாங்கல்லி கடற்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடல்மேல் போகும் பாலத்துக்கு முன்னால் வானத்தில் ட்ரோன் காட்சி, இலவசம். குளிர்காலத்தில் 7 மணிக்கும் 9 மணிக்கும், மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை 8-க்கும் 10-க்கும். காற்று பலமாக இருந்தால் ரத்து செய்துவிடுவார்கள். நான் முதல் காட்சிக்குப் போய்க் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன், இரண்டாவது காட்சிக்கு மணலில் காலை நீட்டி உட்கார இடம் கிடைத்தது.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, ரங்கராஜ் பற்றி எனக்கும் இப்போதுதான் தெரியும். தங்கைக்கு இதை அப்படியே அனுப்பிவிட்டேன்.

விசா, மற்ற ஏற்பாடுகள் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், வருமானவரிப் படிவம், பயணத் திட்டம் எல்லாம் கேட்பார்கள், டிக்கெட்டுக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள். கூகுள் மேப் அங்கே நடைவழி காட்டுவதில் நமக்குக் கைகொடுக்கவில்லை. நேவர் மேப் என்ற கொரிய வரைபடச் செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள். டிமணி அட்டை ஒன்று இருந்தால் பஸ், மெட்ரோ இரண்டுக்கும் போதும். முட்டி வலி உள்ள பெரியவர்களோடு போனால் கம்ச்சனில் மேலிருந்து கீழாக நடங்கள். கடலோரத்தில் இருக்கும் ஹேதோங் யோங்குங்சா கோயிலுக்கு 108 படி இறங்க வேண்டும், திரும்ப ஏறவும் வேண்டும். காலையில் வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள்.

கடைசி நாள் விமானம் சாயங்காலம் என்றால் பக்கத்து ஊரான கிம்ஹேக்குப் போங்கள். பூசான் விமான நிலையம் வழியாகவே போகும் இலகு ரயிலிலேயே போய்விடலாம். பழங்கால கயா நாட்டு மன்னர் சூரோவின் சமாதி இருக்கிறது. கடல் கடந்து கி.பி. 48-இல் ஆயுதா நாட்டிலிருந்து வந்த இளவரசி ஹோ ஹ்வாங்-ஓக் அவருக்கு ராணியானார் என்று 13-ஆம் நூற்றாண்டின் சம்குக் யூசா நூல் சொல்கிறது. ஆயுதா என்பது அயோத்தி என்கிறார்கள், இல்லை, நம் தென்கரை என்று சொல்பவர்களும் உண்டு. ராணியின் சமாதி பக்கத்தில், கடலை அடக்கக் கப்பலில் ஏற்றி வந்ததாகச் சொல்லும் கற்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

மன்னர் சமாதி வாசலில் அத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கதவுக்கு மேலே மரத்தில் இரண்டு மீன், ஒன்றையொன்று பார்த்தபடி. மதுரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இரட்டை மீனைப் பார்த்தால் சும்மா போக முடியுமா? "நம்ம கயல்டி" என்றார், மெதுவாக. அயோத்திக் கட்டடங்களிலும் இரட்டை மீன் உண்டு என்று கணவர் ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அத்தை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கும்பிட்டார்.