லாசரெட்டோ (கொள்ளைநோய்க்கு அஞ்சி ஆட்களையும் சரக்கையும் தனிமையில் வைத்த இடம்) கதைகள்: வாசித்தபின் உறுத்திக்கொண்டே இருக்கும் இடம் எது?

உப்பங்கழி:
வெனிஸ், 1576. கம்பளி வியாபாரி ஒருவன் சாகக் கிடப்பவர்களுக்கு நடுவில் நாற்பது நாள் படுத்தே கிடக்கிறான். சமீபத்தில் வாசித்த கதை. அந்தப் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டேன். தீவுகள் இரண்டு ஐயா! 1423இல் வந்த லாசரெட்டோ வெக்கியோ நோய் கண்டவர்களுக்கு. 1468இல் அமைக்க முடிவெடுத்த லாசரெட்டோ நுவோவோ, சந்தேகப்பட்ட கப்பலுக்கும் சரக்குக்கும். வியாபாரி இருக்கவேண்டியது இரண்டாவதில். அங்கே பார்க்கவேண்டியது படுக்கையை அல்ல, பொதியை. தையலைப் பிரித்து, சுமைகாரன் வெறுங்கையைத் தோள்வரை உள்ளே விட்டுக் கிளறுவான். பிறகு கம்பளியை வெளியே இழுத்துக் காற்றில் பரப்பி, புரட்டிப் புரட்டிப் போடுவான். கம்பளிக்குள் விஷம் இருந்தால் முதலில் விழுபவன் அவன்தான். அந்தக் கையை எழுதாமல் என்ன தனிமைக் கதை?

செங்காவி:
கை சரி. ஆனால் அந்த வருஷத்தில் உங்கள் வாதம் நிற்காது. 1575–77 கொள்ளைநோயில் வெக்கியோ நிரம்பி வழிந்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த நகரத்து ஜனத்தையும் நுவோவோவுக்குத்தான் ஏற்றினார்கள். இடம் போதாமல் தீவைச் சுற்றிப் பழைய கப்பல்களைக் கட்டி, அதிலும் ஆட்களை வைத்தார்கள். கதாசிரியர் அந்த வியாபாரியை 1560இல் இறக்கியிருந்தால் நீங்கள் சொல்வது சரி. எனக்கு உறுத்துவது டெசோன் கிராண்டே. நூறு மீட்டருக்கு மேல் நீளமான அந்தச் சரக்குக் கொட்டகையின் சுவரில் காவலர்களும் வியாபாரிகளும் செங்காவியால் கிறுக்கிய பெயர், தேதி, கப்பல் வந்த ஊர் எல்லாம் இன்னும் இருக்கின்றன. கதைக்காரர்களோ சுவரில் கண்ணீர்க் கவிதை எழுத வைக்கிறார்கள்.

நாட்கணக்கு:
சண்டை இருக்கட்டும். கடிதக் காட்சி எழுதுபவர்கள் நோய் போகக் கடிதத்தைக் காடியில் முக்கிவிட்டு அடுத்த வரியிலேயே வாசிக்கவும் வைக்கிறார்கள். மை கரைந்து வழியாதா? நீள இடுக்கியால் பிடித்து, தாளில் உளியால் கீறல் போட்டு, புகைக்கு மேல் காட்டினால் புகை உள்மடிப்பு வரை போகும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுபவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். நாற்பது நாள் என்பது ஓடிக்கொண்டே இருக்கும் எண் அல்ல. 35ஆம் நாளில் இருப்பவன் நேற்று வந்திறங்கியவனின் சால்வையைத் தொட்டால், அவனுடைய கணக்கு இவனுக்கும் ஒட்டிக்கொள்ளும், மறுபடி ஒன்றிலிருந்து. காவலர்கள் கோலோடு நின்றது அடிக்க அல்ல, இரண்டு கூட்டமும் உரசாமல் விலக்க. சரக்கிலும் சாதி உண்டு: கம்பளி, பருத்தி, பட்டு, தோல், இறகு, காகிதம் நோய் பிடிக்கும், தானியமும் உலோகமும் பிடிக்காது என்பது அன்றைய நம்பிக்கை. ஆகவே கோதுமைக் கப்பலில் வந்தவனுக்கும் பஞ்சுக் கப்பலில் வந்தவனுக்கும் ஒரே பாடு இல்லை. 1576இல் பறவை அலகு முகமூடி வைத்தியர் வேண்டாம், அது அடுத்த நூற்றாண்டுச் சமாச்சாரம். எலியைப் பார்த்ததும் பாத்திரத்துக்கு ஞானோதயம் வரவேண்டாம்; யெர்சின் கொள்ளைநோய்க் கிருமியைக் கண்டது 1894, அதை எலியிலிருந்து பரப்புவது தெள்ளுப்பூச்சி என்று சிமோன் கராச்சியில் கண்டது 1898. அதுவரை கெட்ட காற்றும் தொட்டால் ஒட்டும் விஷமும்தான்.

உப்பங்கழி:
கேட்காமலே ஒரு பாடத்திட்டம்! 1576 பற்றிச் செங்காவி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். வியாபாரி படுத்தே கிடப்பதை அல்ல.

கரைவலை:
படுக்கை பற்றி ஒன்று. சிறைச் சீர்திருத்தக்காரர் ஜான் ஹோவார்ட், 1786இல் வேண்டுமென்றே ஸ்மிர்னாவிலிருந்து (இன்றைய துருக்கியின் இஸ்மிர்), புறப்பட்ட ஊரில் நோய் உண்டு என்ற சான்றோடு வந்த கப்பலில் ஏறி வெனிஸ் லாசரெட்டோவில் போய் இருந்தார். அறைச் சுவர் பல்லாண்டு கழுவப்படாதது. தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை. வெந்நீர் விட்டுக் கழுவியும் நாற்றம் போகவில்லை. கடைசியில் கொதிநீரில் சுண்ணாம்பை நீற்றி, தூரிகை வரவழைத்து, சுவர் முழுக்கப் பூசினார். அன்று பிற்பகலே அதே அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்.