ஓட்டிய விமானங்களில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சார்ட்டி (ஒருமுறை கிளம்பித் திரும்பும் பறப்பு): பகிருங்கள்

பழைய மிக்

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடைகொடுத்ததை டிவியில் பார்த்தேன். தண்ணீர் பீய்ச்சி மரியாதை எல்லாம் செய்தார்கள். 1963-ல் அது விமானப்படைக்கு வந்ததும் அதே சண்டிகரில்தான். அழுவேனா என்று வீட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஞாபகம் வந்தது வேறு.

தளத்தின் பெயர் வேண்டாம். ஜூலை மழை. நானும் என் கோர்ஸ்மேட்டும் ஆளுக்கொரு டைப் 77-ல் (மிக்-21-ன் ஒரு வகை) திரும்பிக்கொண்டிருக்கிறோம். அவன் முன்னால், நான் சில நிமிடம் பின்னால். அந்த நேரத்தில் எரிபொருள் முள் எங்கே நிற்கும் என்று மிக் ஓட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டவர் அவனைக் கூப்பிட்டது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டது. இல்லை. அப்புறம் குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல் என்னைக் கூப்பிட்டு, இறங்கலாம் என்றது.

மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல், மூக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். முன்னால் ஒன்றும் சரியாகத் தெரியாது. கண்ணாடியில் மழை கோடு கோடாகப் பின்னால் ஓடுகிறது. கண் வேகமானியில் இருக்கிறது, மனது அவன் அம்மாவிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் தேடுகிறது. வாக்கியம் கிடைத்தும் விட்டது: "அம்மா, நான் அவனுக்குப் பின்னாலதான் வந்துட்டிருந்தேன்."

டெயில் சூட் என்ற வால் பாரசூட்டை விரித்து, வேகம் குறைத்து, விமானங்கள் நிற்கும் டிஸ்பர்சலுக்குத் திரும்பினால் அவன் ஏணிக்குக் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருக்கிறான். ஆர்டி, அதாவது ரேடியோ, செத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். என்னைப் பார்த்துக் கையாட்டினான். எனக்கு வந்தது கோபம். அதற்குப் பிறகு அவன் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். அம்மா பரிமாறும்போதெல்லாம் அந்த வாக்கியம் தொண்டைக்கு வந்துவிடும்.

முன்னாள் டவர்

கதை நன்றாக இருக்கிறது சார், ஆனால் ஒரு சந்தேகம். ரன்வே ஓரத்தில் ரன்வே கன்ட்ரோலர் இருந்திருப்பாரே? முன்னால் போனவர் இறங்கியதை அவர் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தால் டவருக்குச் சொல்லியாக வேண்டும். சும்மா டவரில் இருக்கும் ஏடிசியைக் குறை சொல்வது பைலட்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

பழைய மிக்

பார்த்தார். ஃபோனைச் சுற்றினார். மழையில் லைன் போயிருந்தது. எச்சரிக்கை வெளிச்சம் சுடும் வெரி பிஸ்டல் கையில் இருந்தது, ஆனால் ஒழுங்காக இறங்கிய விமானத்துக்கு எதற்குச் சுடுவார்? நான் யாரையும் குறை சொல்லவில்லை சார், நடந்ததைச் சொன்னேன்.

சுழலி

நான் ஓட்டியது சீட்டா ஹெலிகாப்டர். சியாச்சின் பனிமலையில். மேலே சில ஹெலிபேடுகள் 21,000 அடியை ஒட்டி இருக்கும். அங்கே ஒரு நடைக்கு ஒரு ஜெர்ரிகேன் மண்ணெண்ணெய் கொண்டுபோனால் பெரிய விஷயம். போய்த் திரும்ப எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எரிபொருள்தான் ஊற்றிக்கொள்வோம். இன்ஜினை அணைக்கக் கூடாது, அணைத்தால் திரும்பக் கிளம்புமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஸ்கிட்டை (ஹெலிகாப்டரின் கால் சட்டத்தை) வைத்தும் வைக்காமலும் நிற்கும் அரை நிமிடத்துக்குள் கேனைத் தள்ளிவிட்டுத் திரும்ப வேண்டும்.

மேலே ஆரஞ்சு கொண்டுபோனால் கிரிக்கெட் பந்தாக இறுகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். அதனால் ஒன்றை ஓவரால்ஸுக்கு உள்ளே, பனியனை ஒட்டி வைத்துக்கொண்டு போனேன். கேனை வாங்க வந்த ஜவானுக்கு மூக்கைச் சுற்றி மண்ணெண்ணெய் அடுப்புக் கரி. கதவு வழியாக ஆரஞ்சை நீட்டினேன். கேனைக் கீழே வைத்துவிட்டு, மேலுறை, உள்ளுறை என்று கையுறை இரண்டையும் கழற்றினான். அந்தக் குளிரில் யாரும் செய்யக் கூடாத வேலை. வெறும் கையில் வாங்கி, மூக்கில் வைத்து இழுத்தான். சாப்பிடவில்லை, முகர்ந்துகொண்டே நின்றான். பக்கத்தில் இருந்த கேப்டன் "போகலாம், போகலாம்" என்று கத்திக்கொண்டிருக்கிறார். நான் கையுறையைப் போடச் சொல்லி அவனிடம் சைகை காட்டுகிறேன், அவன் சிரிக்கிறான். அடுத்த முறை போனபோது கேன் வாங்க வேறு ஆள் வந்தான். யாரிடம் விசாரிப்பது, என்ன பெயர் சொல்லி விசாரிப்பது?

சீட்டாவைக் கிழவி என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. அதன் மூலமான பிரெஞ்சு லாமாவில் 1972-ல் ஜான் பூலே 12,442 மீட்டர் ஏறினார். உச்சியில் இன்ஜின் அணைந்துவிட்டது, ரோட்டரைக் காற்றிலேயே சுழலவிட்டுத் தரை வரை இறங்கினார். அந்த ரத்தம்தான் இதிலும் ஓடுகிறது.

வெறும் ரசிகன்

எல்லாம் சரி. பழைய மிக் சார், இளம் பைலட்கள் இத்தனை பேரைக் கொன்ற பறக்கும் சவப்பெட்டிக்கு தண்ணீர் மரியாதை எதற்கு? பாசம் கண்ணை மறைக்கிறது.

பழைய மிக்

இந்த வார்த்தை வரும் என்று தெரியும். தம்பி, உட்கார்ந்து கேளுங்கள்.

நான் பயிற்சி முடித்த காலத்தில் கிரண், இஸ்க்ரா என்ற பயிற்சி விமானங்களில் ஒன்றில் பறந்துவிட்டு நேராக மிக்-21-ல் ஏற வேண்டும். கிரணில் பறந்தவனுக்கு நேற்று வரை நாட், அடி. இன்று முதல் கிலோமீட்டர், மீட்டர். நடுவில் ஒரு படிக்கட்டு வேண்டும் என்று எத்தனையோ ஆண்டு கேட்டார்கள், அந்தப் படிக்கட்டான ஹாக் பயிற்சி விமானம் பீதர் தளத்துக்கு வந்தது 2008-ல். டைப் 77 ஓய்வு பெற்றது 2013 டிசம்பரில், கலைகுண்டாவில். கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், படிக்கட்டு இல்லாமல் எத்தனை கோர்ஸ் தாண்டிக் குதித்திருக்கும் என்று.

விமானத்தின் மேலும் குறை உண்டு. இன்ஜின் ஒன்றே ஒன்று, பறவை உள்ளே போனால் கதை முடிந்தது. முன்பார்வை மோசம். இரட்டை இருக்கை டைப் 69-ல் பின்னால் இருக்கும் வாத்தியாருக்கு ரன்வே தெரிய பெரிஸ்கோப் வைத்திருந்தார்கள் என்றால் பாருங்கள். பிஸ் என்ற பிந்தைய மிக்-21 வகையில், இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃப்ளாப் மீது இன்ஜின் காற்றை ஊதித்தான் இறங்கும் வேகத்தைக் குறைப்பார்கள். பயத்தில் த்ராட்டிலை முன்கூட்டியே முழுதாக இழுத்தால் காற்று நிற்கும், விமானம் பொத்தென்று உட்காரும். இதையெல்லாம் மறைத்து நான் பாசம் கொண்டாடவில்லை. ஆனால் ரீஹீட் (இன்ஜினுக்குக் கூடுதல் உந்துதல்) போட்டதும் முதுகில் விழும் அந்த உதையை வாங்கியவன் அதைச் சவப்பெட்டி என்று சொல்ல மாட்டான். வாங்காதவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

சூலூர் ட்ரான்ஸ்போர்ட்

இங்கே எப்போதும் ஃபைட்டர்காரர்கள் சண்டைதான். நான் ஏஎன்-32 சரக்கு விமானம். ஒரு தடவை அருணாசலத்தில் மேச்சுகா பள்ளத்தாக்கில் இறங்கிக்கொண்டிருந்தபோது நேவிகேட்டர் தோளைத் தட்டிப் பின்னால் காட்டினார். நாங்கள் நுழைந்த வாய் மேகத்தில் மூடிவிட்டது. இனி முன்னால் இருக்கும் ரன்வே மட்டும்தான். இறங்கினோம். பின்னால் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்த ஊர்க்காரப் பாட்டி ஒருத்தி கடைசி வரை தூங்கிக்கொண்டே வந்தார். அந்தத் தூக்கத்தின் மேல் எனக்கு இன்றும் பொறாமை.

அது கிடக்கட்டும். படிக்கும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். முதலில், பைலட் ஆவதற்கான அந்த ஆப்டிட்யூட் தேர்வு வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அதில் விழுந்தால் பறக்கும் பிரிவுக்கு மறுபடி வாய்ப்பே கிடையாது. அதனால் "சும்மா அனுபவத்துக்குப் போய் எழுதிட்டு வர்றேன்" என்று போகாதீர்கள். இரண்டாவது, கோச்சிங் சென்டரில் பணத்தைக் கட்டும் முன் உடம்பை அளந்துவிடுங்கள். உயரம் குறைந்தது 162.5 செ.மீ., கால் நீளம் 99 முதல் 120, தொடை நீளம் 64-ஐத் தாண்டக் கூடாது. எல்லோரும் உயரத்தைப் பார்க்கிறார்கள், தொடையை யாரும் பார்ப்பதில்லை. ஆறடிப் பையன்கள் மருத்துவச் சோதனை வரை போய் அங்கே வெளியே வருகிறார்கள். மூன்றாவது, ட்ரான்ஸ்போர்ட் கிடைத்தால் முகத்தைத் தொங்கப்போடாதீர்கள். கூட நாலு பேர் பேசிக்கொண்டு பறப்பதில் இருக்கும் சுகம் தனி. நான்காவது, கண், அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தான்

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நான் பைலட் இல்லை, ஏஎன்-32ஐக் கீழே நின்று பார்த்தவன். 1987 ஜூன் 4, பின்னேரம். வடமராட்சிச் சண்டை முடிந்தும் முடியாத நாட்கள். முதல் நாள்தான் படகுகளில் வந்த இந்திய நிவாரணச் சாமான்களை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. விமானச் சத்தம் கேட்டதும் அம்மம்மா என்னைப் பங்கருக்குள் இழுத்துவிட்டா. ஆனால் அது எங்களுக்குப் பழகின சத்தம் இல்லை, தடித்த சத்தம். குண்டு விழும் என்று காதைப் பொத்திக்கொண்டு இருக்கிறோம், ஒன்றும் வெடிக்கவில்லை. ஒழுங்கையில் யாரோ "குடை, குடை" என்று கத்தினார்கள். எட்டிப் பார்த்தால் வானம் முழுக்கப் பாரசூட். அம்மம்மா அப்போதும் என் சட்டைக் கொலரை விடவில்லை.

பெங்களூரிலிருந்து ஐந்து ஏஎன்-32 வந்தது, மிராஜ் போர் விமானங்கள் காவலுக்கு வந்தது எல்லாம் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டது. அதற்குப் பிறகு நடந்தவை பற்றி இங்கே நான் பேசவில்லை. சூலூர் அண்ணை, அன்று அதற்குள் இருந்தவர்கள் யாரையும் தெரியுமா? மேலே இருந்து பார்க்கும்போது எங்கள் ஊர் எப்படித் தெரிந்தது என்று கேட்க வேண்டும்.

சூலூர் ட்ரான்ஸ்போர்ட்

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன் ஐயா. சீனியர்கள் சிலரிடம் கேட்கிறேன். அந்தத் தடித்த சத்தம் சரி, இறக்கைக்கு மேலே தூக்கி வைத்த இரண்டு டர்போப்ராப்.

அரக்கோணம் கரடி

சத்தத்தைப் பற்றிப் பேச உங்கள் யாருக்கும் உரிமை இல்லை. நான் கடற்படையில் டியூ-142, ரஷ்ய ரோந்து விமானம். இன்ஜின் நான்கு, ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு ப்ரொப்பெல்லர். இறங்கிய பிறகும் மனைவி பேசுவது பாதிதான் கேட்கும் (அதில் வசதியும் இருந்தது). 1988-ல் கோவாவுக்கு எட்டு வந்தன, 1992-ல் அரக்கோணத்தின் ராஜாளி கடற்படைத் தளத்துக்கு மாறின, 2017 மார்ச்சில் விடைகொடுத்தோம்.

ஒரு இரவு ரோந்து, தெற்கே வெகுதூரம். மேகத்துக்குள் நுழைந்ததும் முகப்புக் கண்ணாடி ஓரத்தில் நீல நூல்கள் ஓடின. திரும்பிப் பார்த்தால் ப்ரொப்பெல்லர்கள் அத்தனையிலும் நீல வளையம். செயின்ட் எல்மோ நெருப்பு என்று படித்ததுதான், மின்னேற்றம், ஆபத்தில்லை. ஆனால் கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி விரலை நீட்டினேன், விரல் நுனிக்கும் ஒரு நூல் வந்தது. இதை வீட்டில் சொன்னால் இன்றுவரை யாரும் நம்புவதில்லை. உடன் இருந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். விமானத்தைப் பார்க்க வேண்டும் என்றால் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கிறது, உள்ளேயும் போகலாம்.

வெறும் ரசிகன்

சூலூர் சார், தொடையை எங்கிருந்து எங்கே அளப்பது? என் தம்பிக்கு 63-ஆ 65-ஆ என்று வீட்டில் தகராறு.

சூலூர் ட்ரான்ஸ்போர்ட்

சுவரில் பின்புறம் ஒட்ட உட்காரச் சொல்லுங்கள், கால் நேராகத் தொங்க வேண்டும். சுவரிலிருந்து முழங்கால் முன்பக்கம் வரை அளக்க வேண்டும். தையல்கடை டேப் வேண்டாம், அது இழுத்து இழுத்து நீண்டிருக்கும். இரும்பு டேப் வாங்குங்கள்.