இளையோரே நடத்தும் பாய்ப்படகுக் கழகம், திருகோணமலை: பழைய தீவுக் கழகங்களிடம் இருந்து எதை எடுக்கலாம்?

உப்புவெளிப்பாய் (கேள்வி)

வணக்கம். திருகோணமலையில 13 தொடக்கம் 22 வயது வரையான பிள்ளைகள் தாங்களே நடத்துற ஒரு பாய்ப்படகுக் கழகம் தொடங்குறம். கையில இருக்கிறது மூண்டு வகைச் சின்னப் பாய்ப்படகுகள்: பழைய ஒப்டிமிஸ்ட் மூன்று, ரெண்டு பேர் ஓட்டுற என்டர்பிரைஸ் ஒன்று, ஒராள் ஓட்டுற லேசர் ஒன்று. மீட்புக்கு ஒரு பைபர் வள்ளமும் எஞ்சினும் கிடைக்கும். பெரியாக்கள் கையெழுத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும்தான். திட்டம், பராமரிப்பு, பயிற்சி, போட்டி எல்லாம் பிள்ளைகளின்ர பொறுப்பு.

வெளிநாட்டுத் தீவுக் கழகங்களில கொடி, கொமடோர் (கழகத் தலைவர்), பருவத் தொடக்க விழா எண்டு நிறைய மரபுகள் இருக்கு. அதில எது சும்மா அலங்காரம், எது உண்மையில வேலை செய்யுது? எங்களுக்குள்ள பெரிய பயம், ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) முடிச்சு ஒரு செட் போனவுடன எல்லாம் நிண்டு போகும் எண்டதுதான். படகு பற்றியும், எந்த மாதம் எந்தக் கரை எண்டதும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வெருகல்முகம்

தங்கச்சி, முதலில் வரலாறு. உலகின் முதல் பாய்ப்படகுக் கழகம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதே ஒரு தீவில் தொடங்கியதுதான்: 1720இல், அயர்லாந்தின் கோர்க் துறைமுகத்தில், ஹோல்போலைன் தீவு. இன்று அது றோயல் கோர்க் கழகம். அதன் பழைய விதிகளைப் பார்த்தால் பாதிக்குமேல் சாப்பாட்டைப் பற்றியது. விருந்து வைப்பவர் இரண்டு இறைச்சிக் கறிக்கு மேல் கொண்டுவரக்கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு பாய் ஓட்டுவதைப் பற்றிப் பேசினால் தண்டம். சிரிப்பாக இருந்தாலும் இரண்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. முதலாவது, வசதி உள்ளவர் கழகத்தை விலைக்கு வாங்காமல் தடுத்தது. இரண்டாவது, கெட்டிக்காரர் நாலு பேர் மற்றவர்களை வாயடைக்க வைக்காமல் காத்தது. இன்னொரு விதி, ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை ஒவ்வொரு பெருவற்று நாளிலும் (பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் கூடுதலாகப் பெருகி வற்றும் நாள்) கூடவேண்டும் என்பது. அதாவது பதினைந்து நாளுக்கு ஒருமுறை. நாள் குறிப்பதற்குக் கூட்டம் தேவையில்லை, சந்திரன் குறித்துவிடும். இதை அப்படியே எடுக்கலாம்: பௌர்ணமி, அமாவாசைக்கு அடுத்த ஞாயிறு என்று வைத்தால் யாரும் அறிவித்தல் அனுப்பத் தேவையில்லை.

அடுத்தது இங்கிலாந்தின் வைட் தீவில் உள்ள கவ்ஸ். அங்கே 1889இல் தொடங்கிய ஐலண்ட் செயிலிங் கிளப் 1931 முதல் தீவைச் சுற்றும் போட்டியை நடத்துகிறது. முதல் ஆண்டு 25 படகுகள். வென்றது 22 அடி மீன்பிடிப் படகாகக் கட்டப்பட்ட ஒன்று. காரணம், மெதுவான படகுக்கு நேரத்தில் சலுகை கொடுக்கும் நேரச் சலுகைக் கணக்கு. வேறுவேறு படகு வைத்திருக்கிற உங்களுக்கு இது முக்கியம், போட்டி பற்றிப் பேசும்போது யாராவது விளக்குவார்கள்.

இளையோரே நடத்துவது என்று பார்த்தால் மாணவர் கழகங்கள்தான் உங்களுக்கு நெருங்கிய மாதிரி. ஒக்ஸ்போர்ட் 1884, கேம்பிரிட்ஜ் 1893. மூன்று நாலு வருடத்தில் உறுப்பினர் முழுதும் மாறிவிடும் அமைப்பு, ஆனாலும் நூறு வருடத்துக்கு மேல் ஓடுகிறது. அந்த வகைக் குழுப் போட்டிகளுக்குப் பெரிதும் பயன்பட்ட பயர்பிளை படகை 1946இல் வடிவமைத்த உஃபா பொக்ஸ் வைட் தீவுக்காரர். அவரே இளவயதில் கடற்சாரணப் பிள்ளைகளைத் திறந்த படகொன்றில் ஆங்கிலக் கால்வாய் கடந்து பிரான்சுக்குக் கூட்டிப்போய், திரும்பி வந்து பெற்றோரிடம் வாங்கிக்கட்டியவர். பெரியவர்களின் நம்பிக்கையில் நிற்கிற கழகம் இதை நினைவில் வைத்தால் நல்லது.

மரபுக்கு வருவோம். முக்கோணக் கழகக் கொடி, தலைவருக்கு நுனி பிளந்த கொடி, உபதலைவர் கொடியில் ஒரு உருண்டை, அடுத்தவர் கொடியில் இரண்டு. இவை அலங்காரம்தான், ஆனால் செலவில்லாத அலங்காரம். தையுங்கள். ஒரு எச்சரிக்கை: கொமடோர் என்பது எங்கள் ஊரில் கடற்படைப் பதவி. கடிதத் தலைப்பில் 17 வயதுப் பிள்ளை கொமடோர் என்று கையெழுத்திட்டால் வாசிக்கிறவர் குழம்புவார். வெளியே தலைவர், உள்ளே என்ன பெயரும் வைக்கலாம்.

உண்மையில் வேலை செய்கிற மரபு கைமாற்றம். உபதலைவராக ஒரு வருடம் இருந்தவரே அடுத்த வருடம் தலைவர். படகுப் பொறுப்பாளரும் மீட்புவள்ளப் பொறுப்பாளரும் ஒரே வருடத்தில் மாறக்கூடாது. ஏ.எல் எழுதுகிறவர் பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பே பதவியைக் கொடுத்துவிட்டு உதவியாளராக நிற்கவேண்டும். கைமாற்றும் நாளில் உரை வேண்டாம். ஒவ்வொரு படகையும் முழுதாகக் கழற்றி நிலத்தில் பரப்பி, புதிய பொறுப்பாளர் தனியே பூட்டவேண்டும். பழையவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கவேண்டும். எந்தக் கயிறு எந்தக் கப்பிக்குள் போகும் என்று அவருக்குத் தெரியாத இடத்தில்தான் அடுத்த வருடம் படகு நிற்கும். அது அன்றே தெரிந்துவிடும்.

கடையார்சுக்கான்

படகு விசயம். முதல் ஒரு உண்மை: ஒப்டிமிஸ்ட் சின்னப் பிள்ளைகளின்ர படகு. 1947இல புளோரிடாவில கிளார்க் மில்ஸ் வரைஞ்சது, நீளம் 2.36 மீற்றர், கூடு 35 கிலோ. அந்தப் படகு வகைக்கான போட்டி வயது 15 ஆகும் வருடத்தோட முடியும். 55 கிலோவுக்கு மேல போன பிள்ளை இருந்தா அமரம் (பின்பக்கம்) தாழ்ந்து தண்ணியை இழுக்கும். ஆகவே 13, 14 வயதுக்கு அது மூன்றும். மூத்தாக்கள் மற்ற ரெண்டிலயும், மீட்பு வள்ளத்திலயும்.

பழைய ஒப்டிமிஸ்டில முதலில பாக்கவேண்டியது காற்றுப்பை. மூன்று பை இருக்கவேணும். ஊதி ஒரு இரவு வெயில் படாம வைச்சுக் காலையில அழுத்திப் பாருங்கோ. அதோட பையைப் பிடிக்கிற பட்டியை இழுத்துப் பாருங்கோ. பை நல்லா இருந்தும் பட்டி உக்கிப்போய், கவிழ்ந்தவுடன பை வெளியில மிதக்கிறதுதான் வழமை. பை இல்லாட்டி படகு விளிம்புவரை நிரம்பும், பிறகு எவ்வளவு இறைச்சாலும் அலை திரும்ப நிரப்பும்.

ரெண்டாவது பாய்மரக் கட்டு. மரம் கவிழும்போது குழியால வெளியில வராதபடி கயிறோ கிளாம்போ போட்டிருக்கவேணும். இல்லாட்டி அரைவாசி வெளிவந்த மரம் நெம்பி அடிக்குழியை உடைக்கும். அந்தப் பழுது திருத்த ஒரு மாதம் போகும், கட்டுற கயிறு அரை மீற்றர். அணியத்தில (முன்பக்கத்தில) 5 மில்லிமீற்றர் தடிப்பு, 8 மீற்றர் நீளம், மிதக்கிற கயிறு ஒண்டு இருக்கவேணும். நைலோன் தாழும், அது வேண்டாம். தண்ணி இறைக்க ஒரு லீற்றருக்குக் குறையாத கோப்பை, படகோட கட்டினபடி.

பாயை மரத்தோட கட்டுற சின்னக் கயிறுகளில இடைவெளி 10 மில்லிமீற்றருக்கு மேல போகக்கூடாது. பாயைக் குறுக்கால தூக்கிற கம்பு இருக்கெல்லோ, அதின்ர இறுக்கத்தைப் பாயின்ர சுருக்கமே சொல்லும். மரத்தின்ர மேல் முனையில இருந்து பின் கீழ் மூலைக்குச் சுருக்கம் ஓடினா கம்பு தளர்வு. மேல் பின் மூலையில இருந்து மரத்தடிக்கு ஓடினா இறுக்கம் கூட. காற்று மாறினா இதையும் மாத்தவேணும். கரையில ஒருக்கா சரிபண்ணிட்டு அப்படியே விடுறது பிழை.

லேசர்: பாய்மரக் குழியை நல்ல தண்ணியால நிரப்பி, மட்டத்தில அடையாளம் போட்டு பத்து நிமிசம் விடுங்கோ. மட்டம் இறங்கினா குழியின்ர அடி ஓட்டை, கூட்டுக்குள்ள தண்ணி போகுது. மணல்தான் காரணம். ஒவ்வொரு முறையும் மரத்தின்ர அடியைக் கழுவித்தான் இறக்கவேணும், மணலோட சுழண்டா அரத்தாள் போட்ட கணக்கு. பின்பக்கத் தக்கையைக் கரையில எப்பவும் கழட்டி வையுங்கோ. எங்கட வெயிலில உள்காற்று விரிஞ்சு மூட்டுகளை நெம்பும். ஆனா தக்கை படகோடயே ஒரு நூலில தொங்கவேணும், இல்லாட்டி தக்கை இல்லாம கடலுக்குப் போகும் நாள் ஒண்டு வரும். 50, 60 கிலோ பிள்ளைகளுக்கு 7.06 சதுர மீற்றர் முழுப்பாய் கூட, 4.7 அல்லது 5.76 பாயும் அதுக்குரிய பாய்மரக் கீழ்த்துண்டும் தேடுங்கோ.

என்டர்பிரைஸ் 90 கிலோவுக்கு மேல. சில்லு வண்டி இல்லாம மணலில இழுத்தா அடியில பூச்சு போகும், பிறகு பலகை ஊறும். நாலு பேர் அல்லது வண்டி.

கவிழ்ந்தா ஒரே விதி, படகை விட்டு நீந்தவேண்டாம். முதல் பாய்க்கயிறை விடுங்கோ. விடாம நிமிர்த்தினா பாய் காற்றைப் பிடிச்சு மற்றப் பக்கம் கவிழ்க்கும். பிறகு அணியம் காற்றுக்கு முகம் திரும்பும்வரை ஒருவர் அணியத்தில தொங்கவேணும், மற்றவர் நடுப்பலகையில (படகின்ர அடியால கீழ நீட்டுற பலகை) ஏறவேணும். ஆழம் குறைஞ்ச இடத்தில முழுக்கத் தலைகீழாப் போனா மர நுனி சேத்தில குத்தும். அப்ப படகின்ர மேல ஏறி நிண்டா மரம் வளையும். மீட்பு வள்ளம் வரட்டும்.

கொட்டியாரக்கொண்டல்

இடமும் காலமும். சுருக்கமாகச் சொன்னால், உப்புவெளிக் கரையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் (தென்மேற்குக் காற்று) தரையில் இருந்து கடலுக்கு வீசும். கரையோரம் தண்ணீர் குளம்போலக் கிடக்கும், ஏனென்றால் அலை எழும்ப அந்தக் காற்றுக்குத் தூரம் கிடைக்கவில்லை. 300 மீற்றர் வெளியே போனால் காற்று கூடியிருக்கும், திரும்பி வரும் வழி முழுக்க எதிர்க்காற்று. ஒப்டிமிஸ்ட் பிள்ளை களைத்தால் அடுத்த கரை இல்லை. வாடைக் (வடகீழ்க் காற்று) காலத்தில், நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை, அதே கரையில் காற்று உள்ளே வீசும். ஒதுங்கினால் கரைக்குத்தான் வருவீர்கள், ஆனால் அலை முறியும் இடத்தில் படகு இறக்கவே முடியாது. நவம்பர், டிசம்பரில் மழையும் சேரும். அந்த இரண்டு மாதத்தைப் படகுத் திருத்தத்துக்கும் மேலே சொன்ன கைமாற்றத்துக்கும் வைக்கலாம்.

ஆகவே இரண்டு காலத்துக்கும் பழகுநர்களுக்கு உள்துறைமுகத்தின் ஒதுக்கமான குடாக்கள்தான். அங்கே அலை இல்லை, ஆனால் காற்று ஒழுங்கில்லை. மேடும் மரமும் மறைக்கிற இடத்தில் காற்று செத்துக் கிடக்கும். அதைத் தாண்டியதும் பக்கவாட்டில் அடிக்கும். காற்று வருவதைக் காட்டி, தண்ணீரில் கறுத்து ஓடி வருகிற திட்டைப் பார்க்கப் பழக்குவதுதான் முதல் பாடம். வற்றுப்பெருக்கு எங்கள் பக்கம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது, அதனால் நீரோட்டக் கவலை குறைவு.

ஆனால் அது கடற்படைத் தளமும் வணிகத் துறைமுகமும் உள்ள நீர். துறைமுக அதிகாரசபைக்கும் கடற்படைக்கும் எழுத்தில் அறிவித்து, எந்த எல்லைக்குள் என்று வரைபடத்தில் குறித்து அனுமதி எடுக்காமல் ஒரு படகும் இறங்கக்கூடாது. பாய்க்கு எஞ்சின் வழிவிடும் என்பதும் அங்கே உதவாது. ஒடுங்கிய கப்பல்வழியில் மட்டுமே போகக்கூடிய கப்பலுக்குப் பாய்ப்படகு தடையாக இருக்கக்கூடாது என்பது சர்வதேச கடல்விதி 9.

கொட்டியாரக் குடாவை மூத்தவர்களுக்கு, மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கு வையுங்கள். மகாவலி வெள்ளத்துக்குப் பிறகு மரக்குற்றிகள் அரைவாசி தாழ்ந்து மிதக்கும். மூதூர்ப் பக்கம் வலை விரித்திருப்பார்கள். மிதவையைக் கண்டால் சுற்றிப் போங்கள். தவறி மேலே போய்விட்டால் நடுப்பலகையையும் சுக்கானையும் தூக்கிவிட்டுக் கடக்கவேண்டும். ஒரு வலை கிழிந்தால் கழகத்துக்குக் கரையில் இடம் இருக்காது. ஏப்ரலில் பின்னேரம் மேற்கே முகில் கறுத்தால் உடனே கரை.

அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தால் காற்று பத்துப் பன்னிரண்டு நொட் (மணிக்குக் கடல்மைல்). எங்கும் நுரை என்றால் ஒப்டிமிஸ்ட் கரையில் இருக்கட்டும். மீட்பு வள்ளம் அவற்றை இழுக்கும்போது நடுப்பலகை எல்லாம் மேலே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் படகுகள் இரு பக்கமும் அலையும். தண்ணீரில் ஆள் இருக்கும்போது எஞ்சினை நியூட்ரலில் வைத்தால் போதாது, நிறுத்தவேண்டும்.

உப்புவெளிப்பாய்

நன்றி அண்ணாமார். நேரச் சலுகைக் கணக்கு எப்படி? அஞ்சு படகை வைச்சு ஒரு ஞாயிறு போட்டி நடத்த என்னென்ன வேணும்?

வெருகல்முகம்

கணக்கு எளிது. ஒவ்வொரு படகு வகைக்கும் போர்ட்ஸ்மவுத் எண் ஒன்று உண்டு. எடுத்த நேரத்தை 1000ஆல் பெருக்கி அந்த எண்ணால் பிரிக்கவேண்டும். லேசருக்கு 1100, ஒப்டிமிஸ்டுக்கு 1640 அளவில். லேசர் 27 நிமிடம் 30 விநாடியில் முடித்தால் திருத்திய நேரம் 25 நிமிடம். ஒப்டிமிஸ்ட் 41 நிமிடத்தில் முடித்தாலும் அதே 25. என்டர்பிரைசுக்கு லேசரைவிடச் சற்றுக் கூடிய எண். பிரிட்டிஷ் பட்டியல் வருடாவருடம் கொஞ்சம் மாறும்; ஒரு பருவம் முழுக்க ஒரே எண்ணை வைத்திருங்கள்.

படகுகள் சுற்றிவரவேண்டிய குறி மிதவைக்கு 20 லீற்றர் கான், பத்துக் கிலோ கொங்கிறீற் கட்டி. உள்துறைமுகம் சடுதியாக ஆழமாகும், ஆகவே முதலில் ஆழம் பார்த்துவிட்டுக் கயிறு வெட்டுங்கள். மிதவைக்கு ஒரு மீற்றர் கீழே சிறு ஈயக்கட்டி தொங்கவிட்டால் கயிறு நிமிர்ந்து நிற்கும், நடுப்பலகையில் சிக்காது. காற்று வரும் திசையில் 300 மீற்றரில் ஒரு குறி போதும், ஒப்டிமிஸ்டுக்குக் காற்றை எதிர்த்து அதுவரை போகவே ஆறேழு நிமிடம் பிடிக்கும். தொடக்கக் கோடு, படகு நீளங்களின் கூட்டுத்தொகையில் ஒன்றரை மடங்கு. உங்கள் ஐந்துக்கும் ஏறக்குறைய 23 மீற்றர்.

தொடக்கம்: ஐந்து நிமிடம் முன் வகுப்புக் கொடி (படகு வகைக்கான கொடி) ஏறும், நாலில் ஆயத்தக் கொடி ஏறும், ஒன்றில் அது இறங்கும், பூச்சியத்தில் வகுப்புக் கொடி இறங்கும். விசில் போதும், ஆனால் நேரம் கொடியைப் பார்த்துத்தான். விசில் பிந்தினாலும் குற்றமில்லை. முதலாவதுக்கு 1 புள்ளி, இரண்டாவதுக்கு 2, குறைந்தவர் வெற்றி. முடிக்காத படகுக்குத் தொடரில் பதிந்த படகுத்தொகையோடு ஒன்று கூட்டி, அதாவது 6. தொடரில் மோசமான ஒன்றைக் கழித்துவிடலாம். போட்டிக் குழுவுக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும், ஒவ்வொரு ஞாயிறும் வேறு மூன்று பேர். மூத்தவர் எப்போதும் படகில், சின்னவர் எப்போதும் கொடியோடு என்று வந்தால் இரண்டாம் வருடம் சின்னவர் வரமாட்டார்.

கடையார்சுக்கான்

கொங்கிறீற் கட்டியில வளையம் வைக்கேக்க கம்பியை ஈரக் கலவைக்குள்ள வளைச்சு விடுங்கோ. காய்ஞ்ச பிறகு துளைச்சுப் போட்டா மூன்றாம் முறை இழுக்கும்போது கழண்டு வரும்.