தலையால ஓட்டுற மவுஸ் தானா மேல ஏறுது, தெரிஞ்சவங்க சொல்லுங்க

தலவாக்கலை தம்பி:
அண்ணன் மரத்துல இருந்து விழுந்ததுல ரெண்டு கையும் விளங்காது, கழுத்து நல்லா திரும்புது. பழைய விண்டோஸ் 10 லெப்டொப்ல ஈவியாகாம் போட்டுக் குடுத்தேன், வெப்கேமராவுல முகத்த பாத்து தலை போற பக்கம் அம்பு போகுமே, அது இலவசம்தானே. மொத நாள் நல்லாத்தான் இருந்திச்சு, இப்ப சும்மா உக்காந்திருந்தாலும் அம்பு மேல மேல போகுது, கொஞ்சம் நின்னா கண்ட இடத்துல கிளிக் விழுது, நேத்து பாதி எழுதின கடிதம் மூடிப்போச்சு, அதுல இருந்து என்கூட பேச்சே இல்ல.

ஹட்டன் ரிப்பேர்:
அவர் முதுகுப்பக்கம் ஜன்னலா?

தலவாக்கலை தம்பி:
ஆமாண்ணே, லயத்து வீடு, இருக்கிறதே ஒரு ஜன்னல்தான்.

ஹட்டன் ரிப்பேர்:
அதான் சிக்கல். பின்னால வெளிச்சம்னா கேமராவுக்கு முகம் கறுப்பாத்தான் தெரியும், நம்மூர் பனி மூடி மூடி விலகுறப்போ வெளிச்சமும் மாறிக்கிட்டே இருக்கும். ஜன்னல பாத்து உக்கார வைங்க, ராவுல முகத்துக்கு முன்னால பல்ப். செட்டிங்ஸ்ல டுவெல் டைம் கூட்டுங்க, அவ்வளவு நேரம் நின்னாத்தான் கிளிக் விழும். வாசிக்கிற நேரம் கிளிக் பட்டைல 'நோ கிளிக்' வச்சிருங்க.

பண்டாரவளை அக்கா:
தம்பி, இது எங்க பாக்குறார்னு பாக்காது, தலை எவ்வளவு அசைஞ்சதுன்னு மட்டும்தான் பாக்கும், அதனால கொஞ்ச நேரத்துல அம்பும் தலையும் பொருந்தாமப் போறது சகஜம். அம்பு மேல ஏறிருச்சுன்னா திரை ஓரத்துல முட்டின பிறகும் தலைய இன்னும் தூக்கச் சொல்லுங்க, அம்பு அங்கயே நிக்கும், தலைய நேராக்கினா அம்பு கீழ வந்து சரியாயிரும். எழுதுறதுக்கு விண்டோஸ் திரை விசைப்பலகைல ஒப்ஷன்ஸ் போய் ஹோவர் போடுங்க, எழுத்து மேல நின்னா போதும். அப்ப ஈவியாகாம் கிளிக்க நிப்பாட்டிருங்க, இல்லாட்டி ஒவ்வொரு எழுத்தும் ரெண்டு தடவ விழும், நான் பட்ட பாடு! நீளமா எழுத குரோம்ல கூகுள் டொக்ஸ் குரல் தட்டச்சு இருக்கு, தமிழும் எடுக்கும், ஆனா இன்டர்நெட் வேணும், தகரத்துல மழை கொட்டுறப்போ ஒண்ணும் வெளங்காது.

தலவாக்கலை தம்பி:
மேசைய திருப்பிட்டோம், அம்பு இப்ப தானா மேல ஓடல. குரல் தட்டச்சு 'கொழுந்து'ன்னு சொன்னா 'குழந்தை'ன்னு எழுதுது, அத அப்புறம் பாப்போம். அண்ணன் தலையாலயே எழுதி எனக்கு மொத மெசேஜ் அனுப்பியிருக்காரு, கடிதம் போனதுக்கு ரெண்டு வரி ஏச்சு, எழுத முக்கா மணித்தியாலம்.