பழைய கலர் பிக்சர் டியூப் – நேர்ல பாத்தவங்க, கை வச்சவங்க அனுபவத்த எழுதுங்க

ஓஹாயோக்காரன்:
ரொம்ப நாளா மனசுல கெடக்கு, எழுதிடறேன். ஆர்சிஏ கம்பெனியோட ஆரம்பகால கலர் டிவி சிடி-100 என்னன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், 1954, ஆயிரம் டாலர், அதெல்லாம் விடுங்க. ஹில்லியர்ட்ல ஏர்லி டெலிவிஷன் மியூசியம் போய்ட்டு வந்த பைத்தியத்துல இருந்தேன், அப்ப பக்கத்து ஊர்ல ஒரு பெரியவர் தவறிட்டாரு, வீட்டுச் சாமான்லாம் விக்கிறாங்க, அதுல ஒரு சிடி-100 இருக்குன்னு தெரிஞ்சு ஓடினேன். மரப்பெட்டி சும்மா புதுசு மாதிரி. பின் அட்டைய கழட்டி டார்ச் அடிச்சா, அதோட பிக்சர் டியூப் 15ஜிபி22 கழுத்துல வெள்ளியா மின்ன வேண்டிய கெட்டர் (மிச்சக் காத்த உறிஞ்சுற உலோகப் பூச்சு) பால் ஊத்துன மாதிரி வெளுத்துக் கெடக்கு. காத்து உள்ள போயிடுச்சு, முடிஞ்சுது கதை. கண்ணாடியும் உலோக வளையமும் ஒட்டுற எடத்துல கசியுறது அந்த டியூப்போட பிறவி வியாதி. முன்னாடி வந்து பாத்தேன், படம் விழற தட்டு முகக் கண்ணாடில இல்லாம உள்ள தள்ளி, தட்டையா, சாம்பலா நிக்குது, பீம் பட்டா ஒளிர்ற பாஸ்பர் புள்ளி 5,85,000 அதுல. பெரியவரோட பொண்ணு பக்கத்துல வந்து "அப்பா இத யாரையும் தொட விடமாட்டாரு, இன்னும் ஓடும்ல?"ன்னு கேக்குறாங்க. நான் கெட்டர பத்தி வாயே தொறக்கல. பெட்டி நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்.

டோக்கியோவாசி:
மாஸ்க் டியூப் (திரைக்குப் பின்னாடி ஓட்டை போட்ட தகடு வச்சு எலக்ட்ரான் பீம சரியான கலர் புள்ளில விழ வைக்கிறது) கதையே எல்லாரும் பேசுறாங்க, குரோமட்ரான்னு இன்னொரு டியூப், அது பக்கம் யாரும் வர்றதில்ல. சைக்ளோட்ரான் கண்டுபுடிச்ச விஞ்ஞானி லாரன்ஸ் யோசிச்சது, மாஸ்குக்கு பதிலா திரைக்குப் பின்னாடி மெல்லிசு மெல்லிசா கம்பி இழுத்துக் கட்டி, கம்பிங்களுக்கு நடுவுல வோல்டேஜ மாத்தி மாத்தி பீம சிவப்புக் கோட்டுக்கும் நீலக் கோட்டுக்கும் தள்ளுறது. சோனி 1961ல நியூயார்க் கண்காட்சில பாத்து மயங்கி லைசென்ஸ் வாங்கினாங்க. ரெண்டு லட்சம் யென்னுக்கும் கொஞ்சம் கம்மியா வித்த செட்டு, செய்ய ஆன செலவு நாலு லட்சத்துக்கு மேல!! எனக்கு பக்கத்து சீட்ல ரிட்டயர் ஆகப்போற ஒரு சீனியர் இருந்தாரு, அந்தக் காலத்துல வேற கம்பெனில டியூப் லைன்ல இருந்தவரு. ஒருநாள் என் டிரினிட்ரான் (சோனி அப்புறமா செஞ்ச டியூப், மாஸ்குக்கு பதிலா நெட்டுக்கு மெல்லிசு கம்பி வரிசை) மானிட்டர்ல வெள்ளை ஸ்கிரீன் ஓடிட்டு இருக்கு, வந்து விரல் நகத்தால குறுக்க ஒரு மெல்லிசு நிழல் கோட்ட தடவி காட்டினாரு. உள்ள இருக்கிற அந்த நெட்டுக் கம்பிங்க ஆடாம இருக்க குறுக்க போட்ட கம்பியோட நிழல் அது. அப்புறம் பெட்டியோட பக்கத்துல ஒரு தட்டு தட்டுனாரு, படம் நடுங்குச்சு. "பாரு, இன்னும் கம்பியோடதான் சண்டை"ன்னு சிரிச்சாரு. அதுக்கப்புறம் அந்தக் கோடு என் கண்ண விட்டுப் போகவே இல்ல, மானிட்டரையே மாத்த வேண்டியதாப் போச்சு.

பழைய மெக்கானிக்:
ஓஹாயோ தம்பி, 15ஜிபி22வ தலைல வச்சு ஆடாதீங்க. உள்ள தனித் தட்டு வச்சது தான் அதோட தலைவலியே, படமும் சின்னது. போட்டி கம்பெனி சிபிஎஸ்-ஹைட்ரான்காரன் தான் மாஸ்க வளைச்சு, புள்ளிய நேரா முகக் கண்ணாடிலயே போட்டு காமிச்சான், ஆர்சிஏவும் 21 இஞ்ச்ல அந்த வழிக்கே வந்துட்டாங்க. நான் நியூஜெர்சில ஒரு ரிப்பேர் கடைல இருந்தப்ப ரவுண்ட் டியூப் செட் ஒண்ணுக்கு கன்வர்ஜென்ஸ் (மூணு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா விழ வைக்கிறது) பண்ணிருக்கேன், நடு புள்ளி வெள்ளையா வந்தா மூலைல சிவப்பு தனியா எட்டிப் பாக்கும், மூலைய சரி பண்ணா நடு போகும், அவ்வளவுதான் என் கதை.

ஆனா ஒண்ணு சொல்றேன், வாங்குறவங்க கேளுங்க. முதல்ல பிளக்க சொருகி பாக்காதீங்க, பழைய கண்டென்சர் வெடிச்சு டிரான்ஸ்பார்மரையும் கூட்டிட்டு போயிடும். டியூப்போட ஆனோட்ல (ஹை வோல்டேஜ் போற முனை) 20,000 வோல்ட், செட் ஆஃப் ஆனாலும் தங்கி நிக்கும், எர்த் பண்ணிட்டு கை வைங்க, ஒரு தடவ பண்ணா போதாது, திரும்பி ஏறும். கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி போடுங்க. டியூப்ப தூக்கும்போது கழுத்த புடிக்கவே கூடாது, முகத்த நெஞ்சுப் பக்கம் அணைச்சு தூக்கணும். ஹை வோல்டேஜ் ரெகுலேட்டர் வால்வ சுத்தி இருக்கிற தகர மூடிய கழட்டிட்டு ஓட்டாதீங்க, எக்ஸ்ரே வரும். இத யாரும் கேக்கலன்னு தெரியும், இருந்தாலும் சொல்றது என் கடமை.

லண்டன்வாசி:
எல்லாம் அமெரிக்கா தானா? டிவி முன்னோடி ஜான் லோகி பேர்ட் 1944 ஆகஸ்ட்ல டெலிக்ரோம்ங்கிற கலர் டியூப்ப காமிச்சுட்டாரு, ஒரே தட்டு, ரெண்டு எலக்ட்ரான் கன், ஒரு பக்கம் ஆரஞ்சு-சிவப்பு, மறுபக்கம் நீலப்பச்சை. அதுக்கு முன்ன கலருக்கு வச்ச சுத்துற சக்கரமே கிடையாது.

பழைய மெக்கானிக்:
ரெண்டு கலர வச்சு என்ன பண்றது தம்பி? 1946ல அவரும் போய்ட்டாரு, யாரும் தொடரல. ஆர்சிஏ 1950 மார்ச்ல வாஷிங்டன்ல காமிச்சது மூணு கலர். ஆர்சிஏல இருந்த ஹரால்ட் லா மாஸ்க் ஓட்ட வழியாவே வெளிச்சம் அடிச்சு, போட்டோ மாதிரி புள்ளி போட வழி கண்டுபுடிச்சாரே, அது இல்லேன்னா தொழிற்சாலைல ஒரு டியூப் கூட வந்திருக்காது.

லண்டன்வாசி:
மொத ஆள் யாருன்னு தான் சொன்னேன், தொழிற்சாலைய பத்தி பேசல. மாஸ்க் முக்காவாசி எலக்ட்ரான தின்னுட்டு தானே மங்கலா காமிக்குது? பில்கோ கம்பெனியோட ஆப்பிள் டியூப்ல மாஸ்கே இல்ல, பீம் எங்க இருக்குன்னு திரைலேர்ந்தே சிக்னல் வரும்.

பழைய மெக்கானிக்:
வரும், எத்தன வீட்டுக்கு வந்துச்சு? அத சொல்லுங்க.

ஓஹாயோக்காரன்:
நீங்க சண்டை போடுங்க. அந்த சிடி-100 இன்னும் விக்கல, காலைல கூப்ட்டாங்க, விலைய பாதியா குறைச்சுட்டாங்களாம். டியூப் செத்ததுன்னு தெரிஞ்சே, பெட்டிக்காக யாராச்சும் வாங்கிருக்கீங்களா?